சீம்பாலும் கொலாஜனும் நோய் எதிர்ப்பாற்றலைத் தருமா?

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியின் குடும்பத்தினர், உணவியல் ஆலோசனை அறைக்கு வரும்போது சில வேளைகளில் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமீது வைப்பதுண்டு. சில வேளைகளில் இரண்டு டப்பாக்கள். ஒன்றில் பசுவின் சீம்பாலிலிருந்து செய்த தூள் இருக்கும். மற்றொன்றில் கொலாஜன் தூள். "இதைக் கொடுத்தால் அப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தி கூடும் என்று சொன்னார்கள். கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் அன்பு இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. "நம்மால் ஆனதைச் செய்யாமல் விட்டுவிடக் கூடாது" என்னும் தவிப்பும் இருக்கிறது. மருத்துவச் செலவால் முன்பே தளர்ந்துபோன குடும்பம், மாதந்தோறும் ஆயிரக்கணக்கான ரூபாயை அந்த டப்பாக்களுக்காக ஒதுக்கவும் அணியமாக இருக்கிறது. ஆகவே, இக்கேள்விக்கு "வேண்டாம்" என்ற ஒரே சொல்லில் விடையளிப்பது முறையன்று. இவ்விரு பொருள்களும் எவை, உண்டபின் வயிற்றுக்குள் அவற்றுக்கு என்ன நேர்கிறது, ஆய்வுகள் காட்டியிருப்பது என்ன, எவர் இவற்றைத் தவிர்க்க வேண்டும், அதே பணத்தை எவ்வாறு செலவிட்டால் நோயாளிக்குப் பயன் மிகும் என்பவற்றை இப்பாடத்தில் வரிசையாகக் காண்போம்.

இன்சுலின் கற்பிக்கும் பாடம்

நீரிழிவு உள்ளவர் வீட்டில் இருப்பாராயின் ஒரு கேள்வி எழுந்திருக்கும். இன்சுலினை ஏன் ஊசியாகவே போட வேண்டும்? மாத்திரையாக விழுங்கினால் ஆகாதா?

இன்சுலின் 51 அமினோ அமிலங்களாலான ஒரு சிறு புரதம். அதை அப்படியே விழுங்கினால் இரைப்பையின் அமிலமும் பெப்சின் என்னும் நொதியும் அதன் வடிவத்தைச் சிதைக்கத் தொடங்கும். சிறுகுடலில் கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் முதலிய நொதிகள் எஞ்சியதையும் துண்டாடும். இறுதியில் இரத்தத்தில் சேர்வது இன்சுலின் அன்று; அமினோ அமிலங்களும் மிகச் சிறிய புரதத் துணுக்குகளுமே. இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் வேலையை அவை செய்யமாட்டா.

உண்ணும் புரதம் எதுவாயினும் பெரும்பாலும் இதே வழியில்தான் செல்கிறது. பழைய வீட்டை இடித்துச் செங்கற்களை அடுக்கி வைப்பதைப் போன்றது செரிமானம். அந்தச் செங்கற்களைக் கொண்டு உடல் தனக்கு அப்போது வேண்டியதைக் கட்டிக்கொள்கிறது. இடித்த வீட்டில் சமையலறைச் சுவராக இருந்த கல், புதிய வீட்டிலும் சமையலறைக்கே போக வேண்டும் என்ற விதி இல்லை. கொலாஜனை உண்டால் அது நேரே தோலுக்குப் போகும், எதிர்ப்பொருளை உண்டால் அது நேரே இரத்தத்தில் சேர்ந்து கிருமியோடு போரிடும் என்னும் எண்ணங்கள் இவ்விடத்தில்தான் தவறுகின்றன.

பிறரிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, நோயாளிக்குத் தரவேண்டிய தேவை மருத்துவத்தில் உண்மையாகவே ஏற்படுவதுண்டு. பிறவியிலேயே நோய் எதிர்ப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் மருந்து சிரை வழியாகவோ தோலுக்கடியிலோ செலுத்தப்படுகிறது. வெறிநாய்க் கடியால் ஆழமான காயம் பட்டவருக்குத் தடுப்பூசியோடு சேர்த்து எதிர்ப்பொருள் மருந்தைக் காயத்தைச் சுற்றி ஊசியால் செலுத்துகிறோம். இவற்றுள் எதையும் குடிக்கக் கொடுப்பதில்லை. காரணம், இன்சுலினுக்குச் சொன்ன அதே காரணந்தான்.

சீம்பால்: கன்றுக்காக அமைந்த பால்

கன்று ஈன்ற பசு முதல் சில நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறமான, கெட்டியான பாலே சீம்பால். பிந்தைய பாலைவிட இதில் புரதம் மிகுதி. அப்புரதத்தில் பெரும்பங்கு எதிர்ப்பொருள்கள்.

இதற்குத் தெளிவான காரணம் உண்டு. மனிதக் கருவுக்குத் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகவே, குறிப்பாகக் கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களில், வந்து சேர்கின்றன. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. அதன் வழியே எதிர்ப்பொருள்கள் கன்றுக்குச் செல்வதில்லை. ஆகவே கன்று ஏறத்தாழப் பாதுகாப்பின்றியே பிறக்கிறது. அந்தக் குறையைச் சீம்பால் ஈடுசெய்கிறது. பிறந்த கன்றின் குடல் முதல் சில மணி நேரம் முழு எதிர்ப்பொருள்களையும் சிதைக்காமல் இரத்தத்துக்குள் விட்டுவிடும். ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அந்த வாயில் மூடிக்கொள்ளும். அதனாலேயே கன்று பிறந்தவுடன் சீம்பாலை ஊட்டவேண்டும், நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளக்கூடாது எனக் கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

தாய்ப்பால் பாதுகாப்பைக் கடத்துகிறது என்பதை 1892-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் சோதனையால் காட்டினார். நாம் அறிந்த குன்றிமணியிலும் ஆமணக்கு விதையிலும் கொடிய புரத நஞ்சுகள் உள்ளன. அந்நஞ்சுகளைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கிப் பெண் எலிகளுக்கு எதிர்ப்பாற்றல் உண்டாக்கினார். பாதுகாப்பில்லாத தாய்க்குப் பிறந்த குட்டிகளை அத்தகைய எலிகளிடம் பாலருந்த விட்டபோது, குட்டிகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது.

அச்சோதனையில் பயன்பெற்றவை பால்குடி மாறாத குட்டிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். பசுவின் சீம்பாலால் பயன்பெறுவதும் புதிதாய்ப் பிறந்த கன்றே. 60 வயது மனிதரின் குடல் அந்த வாயிலை என்றோ மூடிவிட்டது. மேலும், பசுவின் எதிர்ப்பொருள்கள் பசு எதிர்கொண்ட கிருமிகளுக்கு எதிராக உருவானவை. நம் ஊரில் இந்தக் கோடையில் பரவும் காய்ச்சலை அவை அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

அடுக்களையில் தெரியும் உண்மை

மாடு வளர்க்கும் வீடுகளில் கன்று குடித்தது போக எஞ்சிய சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைப்பார்கள்; அண்டை வீடுகளுக்கும் கொடுத்தனுப்புவார்கள். உறை ஊற்றாமலேயே அது கட்டியாக உறைந்துவிடும். சாதாரணப் பால் அவ்வாறு உறைவதில்லை. இதன் காரணம் பலருக்குத் தெரியாது. சீம்பாலில் நிறைந்திருக்கும் எதிர்ப்பொருள் முதலிய புரதங்கள், வெப்பத்தால் வடிவம் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. முட்டை வெந்து கெட்டியாவதும் இப்படித்தான்.

ஆகவே, கட்டியாக உறைந்த சீம்பால் சுவையான, புரதம் நிறைந்த உணவு. அதில் ஐயமில்லை. ஆனால் அதிலுள்ள எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் செயலிழந்தவை. அவற்றைச் செயலிழக்காமல் காக்க எண்ணிச் சீம்பாலைப் பச்சையாகக் குடிப்பது பேராபத்து. காய்ச்சாத பாலின் வழியே புரூசெல்லா காய்ச்சலும் மாட்டுக் காசநோயும் லிஸ்டீரியா தொற்றும் மனிதருக்குப் பரவக்கூடும். கீமோதெரபி பெறுபவர்க்கும் கருவுற்றவர்க்கும் இவை உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

சீம்பால் பற்றி ஆய்வுகள் காட்டியவை

நேர்மையாகச் சொல்லவேண்டிய மறுபக்கமும் உண்டு. பசுவின் எதிர்ப்பொருள்களில் ஒரு பகுதி செரிமானத்தைத் தாங்கிக் குடலுக்குள் செயல்படக்கூடும். 1988-ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ. கோலை வகைக் கிருமிக்கு எதிராகப் பசுக்களுக்குத் தடுப்பூசி போட்டு, அவற்றின் பாலிலிருந்து எதிர்ப்பொருளைச் செறிவாக்கித் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தனர். பின்னர் அதே கிருமியையும் குடிக்கச் செய்தனர். எதிர்ப்பொருள் பெற்ற 10 பேரில் ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை. பெறாத 10 பேரில் 9 பேருக்கு வந்தது.

இது வியப்பூட்டும் முடிவே. ஆயினும் அதன் எல்லையை அறிய வேண்டும். அங்கே பசுக்கள் குறித்த ஒரு கிருமிக்கெனத் தடுப்பூசி பெற்றவை, எதிர்ப்பொருள் செறிவாக்கப்பட்டது, பாதுகாப்பு குடலுக்குள் மட்டும் நிகழ்ந்தது. கடையில் விற்கும் பொதுவான சீம்பால் தூளுக்கு இந்த முடிவைப் பொருத்திப் பேச இடமில்லை.

கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களிடம் நடந்த சில சிறிய ஆய்வுகளில், சீம்பால் தூள் உண்டவர்களுக்குச் சளி, தொண்டை வலி இருந்த நாள்கள் ஓரளவு குறைந்தன. அவர்கள் இளமையும் உடல்நலமும் வாய்ந்தவர்கள். புற்றுநோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ சிகிச்சை பெறுபவர்களுக்கு அதே பயன் கிட்டும் என்று அவ்வாய்வுகளை வைத்துச் சொல்ல இயலாது.

கொலாஜன்: உடலைக் கட்டும் கயிறு

நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, இரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவற்றுக்கு உறுதியளிப்பது இதுவே. இதன் அமைப்பைக் கண்டறிந்த பெருமையில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக்கொண்ட அமைப்பே கொலாஜன் என்பதை 1954, 1955-ஆம் ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் விளக்கினர். ஒவ்வோர் இழையிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் அமைந்திருப்பதாலேயே இழைகள் அவ்வளவு நெருக்கமாக முறுக்கிக்கொள்ள முடிகிறது.

இந்தக் கயிறு உறுதியாக அமைய வைட்டமின் சி இன்றியமையாதது. அது இல்லையேல் இழைகள் சரியாகப் பிணைவதில்லை. பண்டைக் கடற்பயணங்களில் மாதக்கணக்கில் காய்கனி இன்றி வாழ்ந்த மாலுமிகளுக்கு ஈறுகள் வீங்கிக் குருதி கசிந்ததும், ஆறிய காயங்கள் மீண்டும் திறந்ததும் இதனாலேயே. 1747-இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். அவர்கள் கொலாஜனை உண்ணவில்லை. உடல் தானே கொலாஜனைக் கட்டுவதற்கு வேண்டிய பொருளை உண்டார்கள். புண் ஆறவேண்டிய ஒவ்வொரு நோயாளிக்கும் இதில் பாடம் உண்டு.

கடைகளில் கிடைக்கும் கொலாஜன் தூள், மாடு, பன்றி ஆகியவற்றின் தோல், எலும்பு அல்லது மீனின் தோல், செதில் ஆகியவற்றிலிருந்து பெறப்பட்டு, நொதிகளால் முன்னரே சிறு துணுக்குகளாக்கப்பட்டது. இதை உண்டபின் சில இரட்டை அமினோ அமிலத் துணுக்குகள் இரத்தத்தில் காணப்படுவது உண்மையே. தோலின் ஈரப்பதம், மூட்டுவலி ஆகியவற்றில் சிறிதளவு முன்னேற்றம் காட்டிய ஆய்வுகளும் உள்ளன. அவற்றுள் பல, தயாரிப்பு நிறுவனங்களின் நிதியுதவியோடு நடந்தவை. படுக்கைப்புண் உள்ளவர்களிடம் நடந்த சில சிறு ஆய்வுகளும் நம்பிக்கை தருகின்றன. எனினும், மூட்டு நலம் குறித்த சான்றுகளை 2011-இல் ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கொலாஜன் உண்பதற்கும் மூட்டு நலத்துக்கும் காரணகாரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே கூறியது.

நோய் எதிர்ப்பாற்றலைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் தெளிவு. "தோல் உடலின் அரண், தோல் கொலாஜனால் ஆனது, ஆகவே கொலாஜன் உண்டால் நோய் வராது" என்பது விளம்பரத்தின் தருக்கம். முதல் இரண்டு கூற்றுகளும் மெய். மூன்றாவது அவற்றிலிருந்து பிறப்பதன்று. கொலாஜன் உண்டவர்களுக்கு நோய்த்தொற்று குறைந்தது என்பதற்குத் தக்க மருத்துவச் சான்று இல்லை.

புரத உணவாகக் கொண்டாலும் கொலாஜன் குறையுள்ளதே. டிரிப்டோபான் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் அதில் அறவே இல்லை. ஆகவே பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றுக்கு அது மாற்றாக முடியாது.

"அப்படியானால் ஆட்டுக்கால் சூப்பும் பயனற்றதா?" என்று கேட்பீர்கள். சூடான, உப்பும் மிளகும் சேர்ந்த நீராகாரம் பசியற்ற நோயாளிக்கு இதமளிக்கும். உணவில் விருப்பத்தைத் தூண்டும். மருத்துவர் உப்பையும் நீரையும் கட்டுப்படுத்தாத நிலையில் கொடுக்கலாம். ஆனால் ஒரு கிண்ணம் சூப்பை ஒரு வேளைப் புரதமாகக் கணக்கிட்டு, முட்டையையோ மீனையோ பருப்பையோ நிறுத்திவிடலாகாது.

எவர் தவிர்க்க வேண்டும்?

கீழ்க்காணும் நிலைகளில் உள்ளவர்கள், மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்காமல் இத்தூள்களை உண்ணலாகாது.

சிறுநீரக நோயாளிகள்: டயாலிசிஸ் தேவைப்படாத நிலையில் புரதத்தின் அளவு வரையறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கரண்டித் தூளும் அந்தக் கணக்கில் சேரும். டயாலிசிஸ் பெறுபவர்களுக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. ஆனால் அது நிறைவான புரதமாக இருக்க வேண்டும்.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள்: கொலாஜனில் மிகுந்துள்ள ஹைட்ராக்சிபுரோலின் என்னும் அமினோ அமிலத்தின் ஒரு பகுதி உடலில் ஆக்சலேட்டாக மாறுகிறது. கற்களில் பெரும்பாலானவை ஆக்சலேட்டாலானவை.

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்கள்: புதிய உறுப்பை உடல் புறக்கணிக்காமல் இருக்கவே எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைத் தருகிறோம். "எதிர்ப்பாற்றலைத் தூண்டும்" என்று எழுதப்பட்ட எதையும் இவர்கள் தாமாக உண்ணலாகாது. முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே சிக்கல், எதிர்ப்பாற்றல் குறைந்தது அன்று. அது வழிதவறித் தன் உடலையே தாக்குவது.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள்: சீம்பாலில் ஐ.ஜி.எஃப்.-1 முதலிய வளர்ச்சிக் காரணிகள் உள்ளன. இதனாலேயே உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை, விளையாட்டு வீரர்கள் சீம்பால் உண்பதைப் பரிந்துரைப்பதில்லை. புற்றுநோய் உள்ளவர்கள் சிகிச்சை மருத்துவரின் ஒப்புதலின்றி இதை உண்ணாதிருப்பதே நன்று.

ஒவ்வாமை உள்ளவர்கள்: பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சீம்பால் தூளும் மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மீன் கொலாஜனும் ஆகா. பாலிலுள்ள சர்க்கரை செரிக்காதவர்களுக்குச் சீம்பால் தூள் வயிற்று உப்புசம் தரலாம்.

சைவ உணவினர், சமய நெறியால் மாட்டிறைச்சியையோ பன்றியிறைச்சியையோ விலக்குபவர்கள்: கொலாஜன் எந்த உயிரினத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தாவரத்தில் கொலாஜன் இல்லை. "தாவரக் கொலாஜன்" என்ற பெயரில் விற்கப்படுபவை பொதுவாக வைட்டமின் சி முதலியவற்றின் கலவைகளே.

எதிர்ப்பாற்றலை உண்மையில் தருவது எது?

உணவுக்கும் நோய்த்தடுப்புக்கும் தொடர்பே இல்லை என்று எவரும் கருதிவிடலாகாது. மிக உறுதியான தொடர்பு உண்டு. நம் நாட்டிலேயே அது காட்டப்பட்டிருக்கிறது.

ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாரிடம் நடந்த 'ரேஷன்ஸ்' என்னும் ஆய்வு 2023-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. அப்பிரிவில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தனர்.

அரிசியும் பருப்பும் செய்த வேலை இது. குறைவூட்டம் உள்ள உடலுக்குப் போதிய உணவு கிடைத்தபோது, தன் எதிர்ப்பொருள்களைத் தானே கட்டிக்கொள்ளும் வலிமை அதற்குத் திரும்பியது. வெளியிலிருந்து எதிர்ப்பொருளை ஊட்டவேண்டிய தேவை எழவில்லை. கட்டுவதற்கு வேண்டிய செங்கல்லே தேவைப்பட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி, நலமுள்ள பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். அறுவை சிகிச்சைக்குப் பின்னும் பெருங்காயங்கள் ஆறும்போதும் மருத்துவர் இதைவிடக் கூடுதலாகப் பரிந்துரைக்கலாம். 10 கிராம் கொலாஜன் தூள் தருவது ஏறத்தாழ 10 கிராம் குறைவான தரமுள்ள புரதம். இரண்டு முட்டைகள் ஏறத்தாழ 12 கிராம் நிறைவான புரதம் தரும். 50 கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 11 கிராம் புரதம் உண்டு. சோற்றோடு சேரும்போது அதன் தரமும் உயர்கிறது. மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும், நாள்தோறும் ஒரு நெல்லிக்காயோ கொய்யாத்துண்டுகளோ சேர்ந்தால், உடல் தன் கொலாஜனைத் தானே பின்னிக்கொள்ள வேண்டியவை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

உணவோடு சேர்த்துச் செய்யவேண்டியவையும் உண்டு. இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் புண் விரைந்து ஆறும். புகைப்பதை நிறுத்தினால் ஆறும் திசுவுக்குப் போதிய பிராணவாயு கிடைக்கும். நோயாளியைத் தொடுமுன் சோப்பால் கைகழுவுவது பராமரிப்பவர் தரக்கூடிய மிகச் சிறந்த பாதுகாப்புகளுள் ஒன்று. முதியவர்களும் நாட்பட்ட நோயுள்ளவர்களும் இன்புளூயன்சா, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் தமக்குப் பொருந்துமா என மருத்துவரைக் கேட்க வேண்டும். ஒரு கிருமியை முன்கூட்டியே அறிமுகப்படுத்தி, அதற்குரிய எதிர்ப்பொருளை நம் உடலே செய்துகொள்ளப் பழக்குவது தடுப்பூசி. சீம்பால் டப்பா வாக்களிப்பதை மெய்யாகச் செய்வது அதுவே.

டப்பாவில் பார்க்க வேண்டியவை

முன்பே வாங்கிவிட்டவர்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா? துணை ஊட்டப்பொருள் எனில், மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று எனப் பொருள்படும் ஆங்கில வாசகம் அதில் அச்சிடப்பட்டிருக்கும். விதிமுறை கட்டாயமாக்கியுள்ள அந்த வாசகத்தைத் தயாரிப்பாளரே அச்சிட்டுவிட்டு, விற்பவர் அதை மருந்தென்று கூறுவாராயின், எச்சரிக்கையாக இருங்கள். புற்றுநோயையோ நீரிழிவையோ குணப்படுத்தும் என விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றமாகும்.

வாங்கியதை எண்ணி வருந்த வேண்டியதில்லை. அடுத்த சந்திப்பின்போது டப்பாவை உடன் எடுத்து வாருங்கள். உங்கள் நோயாளியின் நிலைக்கு அது தீங்கற்றதா என்பதைப் பார்த்துச் சொல்வோம். மறைத்து வைத்துக் கொடுப்பதுதான் இடர். இத்தூள்களை நம்பி மாத்திரைகளை நிறுத்துவதும், வேளை உணவைக் குறைப்பதும் அதைவிடப் பெரிய இடர்.

தூக்கி எறியப்படும் சீம்பால்

இறுதியாக ஒன்று. மகப்பேற்றுப் பிரிவில் சில குடும்பங்களில் இன்னும் காணும் வழக்கம் இது. தாய்க்கு முதலில் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலைக் "கெட்ட பால்" என்று பீய்ச்சி எறிந்துவிட்டு, குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கிறார்கள். அதே வீட்டில், தாத்தாவுக்கென்று பசுவின் சீம்பால் தூள் விலை கொடுத்து வாங்கப்பட்டிருக்கலாம்.

மனிதத் தாயின் சீம்பால் மனிதக் குழந்தைக்காக அமைந்தது. அதில் நிறைந்திருக்கும் எதிர்ப்பொருள் வகை, இரத்தத்துக்குள் செல்வதற்கன்று. குழந்தையின் குடற்சுவர்மீது படர்ந்து நின்று கிருமிகளைத் தடுப்பதற்காக அமைந்தது. செரிமானத்தை ஓரளவு தாங்கும் அமைப்பும் அதற்கு உண்டு. அந்தத் தாய் வாழும் வீட்டிலும் தெருவிலும் உள்ள கிருமிகளை அவள் உடல் முன்பே சந்தித்திருப்பதால், அவற்றுக்குரிய எதிர்ப்பொருள்களே அப்பாலில் வந்து சேர்கின்றன. முதல் நாளில் சில தேக்கரண்டி அளவே சுரக்கும். "பால் போதவில்லை" என அஞ்ச வேண்டாம். பிறந்த குழந்தையின் சிறிய இரைப்பைக்கு அவ்வளவே போதும்.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தரவேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் அறிவுரை. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 41.8 விழுக்காட்டினரே அவ்வாறு பெற்றனர். அறுவை சிகிச்சை வழியே பிறந்த குழந்தைக்கும், தாய் படுத்தபடியே, செவிலியர் துணையோடு பாலூட்ட இயலும். பாட்டிமார்கள் மனம் வைத்தால் இவ்வழக்கம் ஒரு தலைமுறையில் மாறிவிடும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. உண்ட புரதம் செரிமானத்தில் உடைகிறது. கொலாஜன் தோலாகவோ, பசுவின் எதிர்ப்பொருள் நம் எதிர்ப்பாற்றலாகவோ அப்படியே மாறுவதில்லை.

2. காய்ச்சாத சீம்பாலை எவரும் குடிக்கலாகாது.

3. சிறுநீரக நோய், உறுப்பு மாற்று, புற்றுநோய், ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இத்தூள்களை உண்ணலாகாது.

4. பருப்பு, முட்டை, பால், மீன், காய்கனி, தடுப்பூசி, கைகழுவுதல் ஆகியவற்றுக்கே பணத்திலும் கவனத்திலும் முதலிடம் தருக.

5. தாயின் சீம்பாலை ஒரு துளியும் வீணாக்காமல் குழந்தைக்குக் கொடுங்கள். அதற்கு விலை இல்லை, ஈடும் இல்லை.